சேர்மனின் வயிறு குறித்துச் சம்பந்தி அவர்களுக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே யாவரும் நலம். அந்த 'யாவரும்' என்பதில் பன்றிக்குட்டிகளைச் சேர்க்கலாமா என்பது கீழே வரும். தங்கள் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்ததாக மாப்பிள்ளை சொன்னார். இதை உட்கார்ந்தபடியே படிக்கவும். பாதியில் எழ வேண்டாம்.

தாங்கள் பண்ணையை எங்களிடம் விட்டு மருத்துவமனைக்குக் கிளம்பிய மறுநாளே குட்டிகளுக்கு வைரஸ் கழிச்சல் கண்டது. என் மகள், அதாவது தங்கள் மருமகள், தன் ஆய்வுக்கூடத்தில் காய்ச்சிய கஷாயத்தை நம் பண்ணையிலேயே சோதிக்கலாம் என்றாள். ஏதோ ஒரு கொடியின் இலையில் ஆர்.என்.ஏ.வின் பொடித் துணுக்குகள் இருக்கின்றனவாம். அவை குடலுக்குள் போய், வைரஸைப் படியெடுத்துப் பெருக விடாமல் மறிக்குமாம். கொதித்தாலும் கெடாதாம். நான் புரிந்துகொண்டது இவ்வளவே; இதுவும் தவறாக இருக்கலாம். இது பலித்தால் தங்கள் பெரிய கொட்டகையை அடுத்த சோதனைக்குக் கேட்கவிருந்தாள். கிடைக்காவிட்டால் அவளுடைய ஆய்வு அத்தோடு நின்றுவிடும்.

இரண்டு கேன்கள்: சிவப்பு மூடி, நீல மூடி. ஒன்றில் கஷாயம், மற்றதில் அதே நிறம் ஏற்றிய வெறும் தண்ணீர். எது எது என்று கால்நடை டாக்டருக்கு மட்டுமே தெரியும். எந்தக் குட்டிக்கு எது என்று சீட்டுப் போட்டதில், தாங்கள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்துச் 'சேர்மன்' என்று பெயரிட்ட கடைக்குட்டி நீல மூடிக்குப் போயிற்று. நானோ ஆயுள் முழுவதும் நிலம் அளந்தவன். எதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியாது. இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு நாக்கில் வைத்தேன். சிவப்பு கசந்தது, நீலம் சப்பென்று இருந்தது. அப்படியானால் சேர்மனுக்குப் போவது வெறும் தண்ணீர்!

"அம்மாடி, சேர்மனை மட்டும் சிவப்புக்கு மாத்திடேன். உன் மாமனார் கேட்டா நான் என்ன சொல்றது?"

"சீட்டுன்னா சீட்டுதான்ப்பா. சேர்மனுக்குன்னு தனிச் சட்டமா?"

"இல்லம்மா, அவர் சத்தம் போட்டா எனக்கு..."

"நீங்க எதையும் தொடாம இருங்க. அதுவே பெரிய உபகாரம்."

மாப்பிள்ளையைத் தனியே கேட்டேன். "அப்பா திட்டினாத் தாங்கிக்கலாம் மாமா, இவ திட்டினா சோறே இறங்காது" என்று தீவன மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சேர்மன் தலை தூக்காமல் கிடந்தது. மனசு கேட்கவில்லை. ஊசியில்லாத சிரிஞ்சில் சிவப்பு மூடிக் கேனிலிருந்து எடுத்தேன். தவறு செய்தாலும் அளவு தவறக் கூடாதல்லவா? பிறகு மகளை நினைத்துத் திருப்பி ஊற்றினேன். தங்களை நினைத்து மறுபடி எடுத்தேன். இப்படி எடுப்பதும் ஊற்றுவதுமாக நான் தவித்துக்கொண்டிருக்கையில் சேர்மனே சிரிஞ்சைக் கவ்வி உறிஞ்சிவிட்டது.

உடனே மகளிடம் போய்ச் சொன்னேன். அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. சேர்மனைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டு, "இன்னொரு குட்டிக்கு இப்படி ஆச்சுன்னா மொத்தமும் குப்பைதான்ப்பா" என்றாள்.

ஆனால் சம்பந்தி, சேர்மன் பிழைத்துவிட்டது! இப்போது துள்ளுகிறது, கடிக்கிறது, மற்ற குட்டிகளை மிதித்துக்கொண்டு முதல் ஆளாகப் பால் குடிக்கிறது. நான் கொடுத்த அந்த ஒரு சிரிஞ்சுதான் காப்பாற்றியது என்று எண்ணுகிறேன். குற்றம் என்னுடையது, கஷாயத்தின் பெருமை அவளுடையது. கோபத்தை என்மீது காட்டிவிட்டுக் கொட்டகையை அவளுக்குக் கொடுங்கள்.

தங்கள் முழங்கால் விரைவில் தேறட்டும். ஆனால் என்னைத் தேடி வரும் அளவுக்கு உடனே தேற வேண்டியதில்லை.

தங்களிடம் என்றும் அன்பும் சற்று அச்சமும் கொண்ட,
சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டும்போது டாக்டர் வந்து உண்மையைச் சொன்னார். நீல மூடிதான் கஷாயமாம்; அந்த இலைக்கு ருசியே கிடையாதாம். நீலக் குட்டிகளில் பெரும்பாலானவை எழுந்துவிட்டன. சிவப்பு வெறும் தண்ணீர். "யாராவது பெரியவர் நக்கிப் பார்ப்பாருன்னுதான் சார் கசப்பைக் கலந்து வெச்சேன்" என்கிறார். ஆக, சேர்மனுக்கு முதலிலிருந்தே சரியான மருந்துதான் போயிருக்கிறது. நான் கொடுத்தது கசப்புத் தண்ணீர். "அப்ப அதைக் கணக்குல திரும்பச் சேர்த்துக்கலாமே?" என்று மகளிடம் கேட்டேன். "கூடாதுப்பா, நீங்க தொட்டாச்சு" என்றாள். பண்ணையிலேயே நன்றாகத் தேறிய குட்டி, என் உதவியால், எதற்கும் சான்றாகாமல் துள்ளிக்கொண்டிருக்கிறது. நான் காப்பாற்றியதாக மேலே எழுதியதைத் தயவுசெய்து அடித்துவிடவும். கொட்டகையைத் தாங்கள் கொடுப்பதானால் மகள் ஒரு நிபந்தனை விதிக்கிறாள்: அதன் சாவி என் கைக்கு வரக் கூடாது. இதற்கு நான் முழுமனதுடன் சம்மதிக்கிறேன்.