கோடு போட்ட பந்திகள்

ஊரைக் காப்பதற்காகவே ஆபாசத்தை வாசிக்கும் ஓர் இனம் உண்டு. வாசகரே, அவர்களைக் கேலி செய்யாதீர்கள். கதவைச் சாத்தி, கண்ணாடியைத் துடைத்து, ஒருமுறை வாசித்தது போதாதென்று மறுமுறையும் வாசித்து, பிறகுதான் ‘சீச்சீ’ என்பார்கள். நமக்காகப் படும் பாடு கொஞ்சமா?

திருகோணமலையில் அரச சட்டத்தரணி றுவைஸ் இந்த இனத்தில் முன்வரிசை. பஸ் நிலையத்தருகே புத்தகக் கடை வைத்திருக்கும் தங்கத்துரையிடமிருந்து பொலிஸார் ஆபாசமென்று ஒரு நாவலின் பிரதிகளையெல்லாம் அள்ளி வந்திருந்தார்கள். அவற்றை அழிக்க நீதிமன்றக் கட்டளை பெறுவது றுவைஸின் பொறுப்பு. கடைக்காரரின் மகளுக்குப் பேசிவந்த கலியாணம் அதற்குள்ளேயே ஆட்டங்கண்டிருந்தது.

றுவைஸ் நாவலில் குற்றமான பந்திகளுக்குப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருக்கையில் மனைவி றுஷ்தா தேநீரோடு வந்தாள். புத்தகம் சட்டென்று கோப்புக்குள் போனது.

“என்னத்த ஒளிக்கிறீங்க?”

“அரசாங்க வேலை.”

“அரசாங்க வேலைக்கு ஏன் காது சிவக்குது?”

நீதிமன்றத்தில் அவர் முழங்கினார். இளைஞர், குடும்பம், பண்பாடு, துறைமுகத்தில் வந்திறங்கும் அந்நியர் என்று ஒருவரையும் விடவில்லை. கோடு போட்ட பந்திகளைப் புத்தகம் பாராமலே ஒப்புவித்தார். நீதவான் அம்மணி பொறுமையாகக் கேட்டார்.

“கதையில வாற இந்தப் பெண் ஏன் அந்த வீட்டுக்குப் போனவ?”

றுவைஸ் விழித்தார். “அது… கோடு போட்ட பகுதியில இல்லை, கனம் நீதவான் அவர்களே.”

“புத்தகத்தை முழுக்க வாசிச்சனீங்களா?”

“தேவையானதை வாசிச்சனான்.”

பின்வரிசைச் சட்டத்தரணிகள் இருமினார்கள். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் எப்படித் தடிமன் வந்தது?

“துண்டை மட்டும் பார்த்துக் கட்டளை போட ஏலாது. முழுக்க வாசிச்சிட்டு வாங்கோ.”

வாசித்தார், முதல் பக்கத்திலிருந்து. கடலில் கணவனைப் பறிகொடுத்தவள், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்காக மீன் முதலாளியின் படியேறுகிறாள். றுவைஸ் ரசித்து, மன்னிக்கவும், அருவருத்துக் கோடு போட்ட இடம் முழுவதும் அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள். அந்த அழுகை அவர் கண்ணில் படவேயில்லை. வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தன்னை நினைக்கச் சிரிப்பும் வந்தது.

“நான் படிச்ச மடையன், றுஷ்தா.”

“அது எனக்குத் தெரியும். புத்தகத்தத் தாங்க, நானும் வாசிக்க.”

வழக்கின் அடுத்த தவணையில், பிரதிகளை அழிக்கக் கேட்ட விண்ணப்பத்தை றுவைஸ் மீளப் பெற்றார்.

“அப்ப ஆபாசம் எங்க?” என்றார் நீதவான்.

“என்னுடைய பென்சிலிலதான் இருந்திருக்குது.”

மன்று சிரித்தது. உரக்கச் சிரித்தவர் றுவைஸ்தான். தங்கத்துரை பிரதிகளைத் தூக்கிக்கொண்டு போனார். பொழுது சாயுமுன் எல்லாம் விற்றுப் போயின. மாப்பிள்ளை வீட்டாரும் ஒரு பிரதி கேட்டனுப்பினார்களாம்.

நீங்களும் சிரிக்கிறீர்கள், வாசகரே. நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன்: அந்தப் பந்தி இதோ வருகிறது, இதோ வருகிறது என்றுதானே இந்த வரி வரைக்கும் வந்தீர்கள்?