கையுறைக் கயிறு

"ஆர்வோ அண்ணே, ஃபிலிம் கிடைச்சிடுச்சு!"

ஹாக்கி சங்கச் செயலாளர் இவெட் போனில் கத்தியதும், ஆர்வோ வாயில் இருந்த காபியை விழுங்க மறந்தார்.

"எந்த ஃபிலிம்?"

"அறுபத்தொண்ணு ஃபைனல்! நாம ஜெயிச்ச கோல்! சர்ச் நிலவறையில உடைஞ்ச நாற்காலிங்களுக்கு அடியில கிடந்துச்சு. சனிக்கிழமை ஐம்பதாவது வருஷ விருந்துல போட்டுக் காட்டப்போறோம்!"

ஆர்வோ காபிக் குவளையைக் கீழே வைத்தார்.

ஐஸ் ஹாக்கியில் எங்கள் ஊர் கோப்பை வாங்கியது ஒரே ஒரு தடவைதான். இதெல்லாம் ஒரு வரலாறா என்று வெளியூர்க்காரன் எவனாவது கேட்டால் முழுசாக ஊர் திரும்ப மாட்டான். அன்றைக்குச் சுரங்கத்தில் மாலை ஷிப்டே ஓடவில்லை. பழைய மரக் கொட்டகையில் இரண்டாயிரம் பேர். ஈரக் கம்பளி, புகையிலை, வறுத்த உருளைக்கிழங்கு எல்லாம் கலந்த அந்த வாசனை இப்போதும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை.

கூடுதல் நேரம். பக்கத்துச் சுரங்க ஊர்க்காரர்களின் வலைக்கு முன்னால் ஒரே தள்ளுமுள்ளு. வலைக்குப் பின்னால் கம்பிக் கூண்டுக்குள் கோல் நடுவர் ஆர்வோ. ரப்பர் வட்டு கோல் கோட்டைத் தாண்டினால் அவர் விசையை இழுக்கவேண்டும், விளக்கு எரியும். எரிந்தது. ஊரே கூத்தாடியது.

ஆனால் ஆர்வோ விசையை இழுக்கவே இல்லை.

எந்நேரமும் கையுறையைத் தொலைக்கிற மனுஷன் என்று, கல்யாணமான புதிதில் மனைவி லெம்பி இரண்டு கையுறைகளையும் ஒரே கயிற்றில் கோத்து, சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல் கோட்டுக் கைகளுக்குள் விட்டிருந்தாள். ஆர்வோ காபிக் குடுவையை எடுக்கக் குனிந்தார். கயிறு விசையில் மாட்டி இழுத்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் தொப்பிகள் பறக்கின்றன. 'ஐயோ, தப்பு' என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவரையும் தோளில் தூக்கிவிட்டார்கள்.

அன்று மூடிய வாய்தான். உண்மை தெரிந்தால் ஊரின் ஒரே கோப்பை போச்சு.

"இவெட்டு, ஃபிலிமை என்கிட்ட குடும்மா. சுத்தம் பண்ணித் தர்றேன்."

வாங்கிவந்து, உறைபெட்டியில் மூஸ் மான் கறிக்கு அடியில் ஒளித்துவைத்தார். மறுநாள் போன் போட்டார்.

"வீணாப்போச்சும்மா. தொட்டதும் தூளாயிடுச்சு."

"அடக் கடவுளே! சரி விடுங்க, ஃபிலிம் இல்லேன்னா ஆளையே கூப்பிட்டுடுவோம். எதிர் டீம் கோல்கீப்பர் லூசியன் இன்னும் இருக்காராம்."

லூசியன்! 'அது கோலே இல்ல, கூண்டுல இருந்தவன் குருடன்' என்று ஐம்பது வருஷமாக ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருக்கும் ஆள்.

"எண்பது வயசு மனுஷன். இந்தப் பனியில எப்படிம்மா வருவாரு, பாவம்?"

"அதானே! நீங்களே போய்க் கூட்டிட்டு வந்துடுங்க."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார் ஆர்வோ. பனியில் ஊர்ந்துவந்த மூன்று மணி நேரப் பயணத்தில் லூசியன் பேசியது ஒரே ஒரு வாக்கியம்.

"பார்த்து ஓட்டுய்யா. கண்ணு தெரியுதில்ல?"

விருந்துக் கூடத்தில் லெம்பி ஒரு கையில் கறிப் பாத்திரமும் இன்னொரு கையில் தகர டப்பாவுமாக வந்தாள்.

"ஃபிலிமைக் கறிக்கு அடியில வச்சு மறந்துட்டாரு பாருங்க! இவருக்குக் கையுறையை மட்டும் கயித்துல கட்டினாப் போதுமா?"

இவெட் இடுப்பில் கை வைத்தாள். "தூளாயிடுச்சுன்னீங்களே அண்ணே?"

"குளிர்ல மறுபடி ஒட்டிக்கிச்சோ என்னவோ," என்று திருதிருவென்று விழித்தார் ஆர்வோ.

விளக்கை அணைத்தார்கள். திரையில் கொட்டகை வந்தது. எங்கள் இளமை வந்தது. போய்ச்சேர்ந்தவர்கள் எல்லாம் இருபது வயதில் சிரித்தபடி சறுக்கிக்கொண்டு வந்தார்கள். "ஏய், எங்கண்ணன்டா!" என்று யாரோ அழுதார்கள். கடைசித் தள்ளுமுள்ளு. ஆர்வோ மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

சரியாக அந்த நேரம் கேமராவுக்கு முன்னால் ஒரு தடியர் எழுந்து நின்றார். திரை முழுக்க அவருடைய ரோமத் தொப்பி. தொப்பியின் ஓரத்தில் கோல் விளக்கு மட்டும் மின்னியது.

"உட்காருய்யா!" என்று ஐம்பது வருஷத்துக்கு முந்தைய தொப்பியைப் பார்த்து மொத்தக் கூடமும் கத்தியது.

ஆர்வோ தப்பித்துவிட்டார். ஆனால் திரையில் சிரித்த அந்தப் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தபிறகு அவருக்கு மனசு ஆறவில்லை. இனியும் மறைத்தால் அடுக்காது என்று எழுந்தார்.

"நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அந்த விளக்கு..."

"நீ உட்காரு!" கைத்தடியை ஊன்றிக்கொண்டு லூசியன் எழுந்தார். "இதைச் சொல்லத்தான் வந்தேன். உன்னை ஐம்பது வருஷமா குருடன்னு சொன்னேன், மன்னிச்சுக்க. வட்டு கோட்டைத் தாண்டி அரை அடி உள்ள போயிடுச்சு, கண் மூடித் திறக்கறதுக்குள்ள நான்தான் காலால வெளியே தள்ளிட்டேன். அத்தனை கூட்டத்துல அதைப் பார்த்தது நீ ஒருத்தன்தான்யா!"