துணிக்கு அடியில் துடிக்காத தெருநாடி

தெருவுக்கும் நாடி உண்டு என்று எங்கள் நகரமன்றம் கண்டறிந்து ஓராண்டு ஆயிற்று. மருத்துவர் நம் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பாரே, அதே நாடிதான். மண்ணுக்கு அடியில் ஓடுகிறதாம். அதன்மேல் சாலை அமைத்தால் நகரம் செழிக்குமாம். விலகி அமைத்தால் விபத்து, வியாபார முடக்கம், விவாகரத்து ஆகிய மூன்றும் நேருமாம். மன்றம் வெளியிட்ட துண்டறிக்கை அப்படித்தான் சொல்லிற்று. அந்த ஒரு பக்கத்தில் ஒற்றுப்பிழைகள் பதினேழு. பொருட்பிழைகளை எண்ணவில்லை, பிழையில்லாத வரிகளை எண்ணுவது எளிதாக இருந்தது.

இந்த நாடியைப் பார்க்கவல்லவர் உலகில் ஒருவரே. அவரை ஊரார் நாடியார் என்று அழைத்தனர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைக் காலணி. கையில் ஒரு நூல். நூலின் நுனியில் கூம்பு வடிவில் ஒரு பித்தளைக் குண்டு. அதற்குப் ‘பூமிமணி’ என்று பெயரிட்டிருந்தார். கொத்தனார்கள் அதைத் தூக்குக்குண்டு என்பார்கள். சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க உதவும் கருவி அது. அவர்கள் கையில் இருந்தவரை அது பொய் சொன்னதில்லை.

திங்கட்கிழமை தோறும் மன்றக் கட்டடத்தின் முன் வரிசை நின்றது. வீட்டு வரைபடத்தோடு வந்தவர்கள், கடை வரைபடத்தோடு வந்தவர்கள், வரைபடம் கிடைக்காமல் வாடகை ஒப்பந்தத்தோடு வந்தவர்கள் என அனைவரும் பொறுமையாக நின்றார்கள். நாடியார் காகிதத்தின்மேல் குண்டைத் தொங்கவிடுவார். குண்டு ஆடும். வந்தவர் நடுங்குவார். வாசல் இடம் மாறும்.

அதோடு நின்றிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். அவரவர் வாசல், அவரவர் விருப்பம். ஆனால் மேயரும் வரிசையில் நின்றார். அதன்பின், நிழலில் இருந்த பேருந்து நிறுத்தம் நாற்பதடி தள்ளி வெயிலுக்குப் போயிற்று. நிழலில் நாடி அடைத்திருந்ததாம். ஒருவழிச் சாலை ஒன்று எதிர்வழியாகத் திரும்பிற்று. தீயணைப்பு வண்டி தன் நிலையத்துக்குள் நுழைய ஊரைச் சுற்றிவர வேண்டியதாயிற்று. “இவ்வளவு நாளும் எப்படி உயிரோடு இருந்தோம்?” என்று மக்கள் வியந்தார்கள். எனக்கும் அதே வியப்புத்தான், காரணம்தான் வேறு.

இறுதியில் பெரிய வேலை வந்தது. நகரத்துக்குப் புதிய அகலச் சாலை ஒன்று வேண்டும். நகரமைப்பு அலுவலர் என்று ஒரு மனிதர் மன்றத்தில் இருந்தார். மூன்று மாதம் தெருமுனைகளில் நின்று எத்தனை வண்டிகள், எத்தனை பேர், எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று எண்ணி, கால்வாய்க் கரைச் சாலையை அகலப்படுத்தினால் போதும் என்று அறிக்கை எழுதினார். அங்கே இடிக்க ஒரு வீடும் இல்லை. அறிக்கை கனமாக இருந்தது. மின்விசிறிக் காற்றில் மற்றக் காகிதங்கள் பறக்காமலிருக்க மேயர் அதை அவற்றின்மேல் வைத்தார்.

பிறகு நாடியாரை அழைத்தார். குண்டு வரைபடத்தின்மேல் ஆடிற்று. கால்வாயைக் கண்டு முகம் சுளித்தது. சட்டென்று ஒரு குறுந்தெருவுக்குள் நுழைந்தது. பதினொரு வீடுகளை விழுங்கியது. நேராக ஒரு தரிசு நிலத்தின் வாயிலுக்குப் போய் இளைப்பாறிற்று. அந்த நிலம் மனைத்தரகர் ஒருவருடையது. நாடியாரை இந்த ஊருக்கு அழைத்து வந்தவரும் அவரே. இவ்விரண்டு செய்திகளும் ஊரில் எல்லாருக்கும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் எவருக்கும் நேரமில்லை.

வரைபடத்தில் மஞ்சள் நிறம் வீடுகளுக்கு, சிவப்பு நிறம் கடைகளுக்கு. வீடுகளை இடித்துச் சாலை போடவும், அந்தக் குறுந்தெருவை மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாற்றவும் தீர்மானம் தயாராயிற்று. பதினொரு கதவுகளிலும் அறிவிப்பு ஒட்டினார்கள். நான்காவது கதவு ஒரு தையற்காரியுடையது. முன்னறையில் கடை, பின்னறையில் குடித்தனம். அவள் கணவன் பேருந்து ஓட்டுநர். நாடியாரின் தீவிரப் பற்றாளன்.

“ஏங்க, கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிருக்காங்க. நீங்க பாட்டுக்கு ஷூவுக்குப் பாலிஷ் போட்டுட்டு இருக்கீங்க.”

“நாடி நம்ம அடுப்படிக்குக் கீழதான் ஓடுதாம்மா. நாம என்ன பண்ண முடியும்?”

“இருபது வருசமா அந்த அடுப்படியில நிக்கிறேன். என் காலுக்குத் தெரியாதது அவரு கயித்துக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“நீ தையக்காரி. அவரு ஞானி.”

“சரி, ஞானிக்கு மேப்பு எதுக்கு?”

“மேப்பு இல்லாம ரோடு எப்படிப் போடுறதாம்?”

“ரோடு போட மேப்பு வேணும். நாடி பார்க்க எதுக்கு? பூமிதானே பேசுது, காகிதமா பேசுது?”

ஓட்டுநர் மற்றொரு காலணியை எடுத்தார். அது ஏற்கெனவே பளபளத்துக் கொண்டிருந்தது.

“இந்த வீடு போனா இந்த மிஷினை எங்க வைப்பேன்? உங்க பஸ்ஸுல கடைசி சீட்டுலயா?” என்றாள் அவள். பிறகு அலமாரியைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினாள்.

தீர்மானம் நிறைவேறுமுன் பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது மன்ற விதி. ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம். அவர்கள் சொல்வதையும் அதற்குக் கிடைக்கும் விடையையும் குறிப்பெழுத்தர் அப்படியே எழுதி, உரக்கப் படித்துக் காட்டுவார். படித்த பின் மாற்ற முடியாது. நல்ல விதி. யாரும் பேச வராததால் புதுப்பொலிவு மாறாமல் இருந்த விதி.

அன்று அரங்கு நிரம்பி வழிந்தது. கருத்துச் சொல்ல அல்ல, நாடியாரைக் காண. குதிரைலாட வடிவ மேசையில் உறுப்பினர்கள் அமர்ந்திருந்தார்கள். ஒலிவாங்கி இருமிற்று. மனைத்தரகர் இரண்டாம் வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்தார். தையற்காரி ஒரு துணிப்பையோடு எழுந்தாள். ஓட்டுநர் தலையைக் குனித்துக்கொண்டார்.

“நாடியாரய்யா, எனக்கு ஒரு சந்தேகம். நாடி எவ்வளவு ஆழத்துல ஓடுது?” என்றாள் அவள், மிகுந்த பணிவோடு.

“அறுபது அடிம்மா. சில இடத்துல நூறு.”

“அவ்வளவு மண்ணு அதை மறைக்காதுங்களா?”

“மண்ணு என்னம்மா மண்ணு. கல்லு, காங்கிரீட்டு, தாரு, எதுவும் அதை மறைக்க முடியாது.” அரங்கு கை தட்டிற்று.

“அப்ப ஒரு துணி?”

நாடியார் சிரித்தார். அரங்கு சிரித்தது. மேயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “துணியாம்மா? பட்டு, கம்பளி, எதைப் போட்டாலும் சரி.”

குறிப்பெழுத்தர் எழுதியதைப் படித்தார்: “கல், கான்கிரீட், தார், துணி ஆகிய எதுவும் நாடியை மறைக்காது என்று நாடியார் கூறினார்.” நாடியார் பெருமையோடு தலையசைத்தார். அந்த ஒரு தலையசைப்பை அவர் பிற்காலத்தில் எத்தனைமுறை நினைத்துக்கொண்டாரோ, நானறியேன்.

தையற்காரி பையிலிருந்து, ரவிக்கைக்கு உள்ளே கொடுத்துத் தைக்கும் கறுப்பு உள்துணி இரண்டு துண்டுகளையும், கார்பன் தாள்களையும், ஒரு பற்சக்கரத்தையும் எடுத்தாள். சிறு கைப்பிடியில் பல் வைத்த சக்கரம் அது. துணிக்கு அடியில் கார்பன் தாளை வைத்து மேலே அதை உருட்டினால், கீழே புள்ளிக்கோடு விழும். தையற்காரர்கள் அளவைப் படியெடுக்கும் முறை அதுதான்.

“ரெண்டு பலகையில ஒரே மேப்பை ஒட்டுங்க. மேல கார்பன் தாளு, அதுக்கு மேல இந்தத் துணி. எந்தப் பக்கம் வடக்குன்னு யாருக்கும் தெரியக் கூடாது. அய்யா ரெண்டுலயும் நாடியைப் பிடிக்கட்டும். குண்டு போற வழியில நான் சக்கரத்தை உருட்டுறேன். ரெண்டு கோடும் ஒரே இடத்துல விழுந்தா, வீட்டை நானே இடிச்சுக் கொடுக்கிறேன்.”

ஓட்டுநருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏம்மா, என்னை ஒரு வார்த்தை கேட்க வேணாமா?”

“நம்பிக்கை இருக்குல்ல உங்களுக்கு? அப்புறம் என்ன?”

நாடியார் தொண்டையைச் செருமினார். “இன்னைக்குக் கிரகநிலை கொஞ்சம்...”

“அய்யாவுக்குத் துணின்னா பயமோ?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு கொத்தனார் கேட்டார். “எங்க குண்டை வேற வாங்கிட்டுப் போயிருக்காரு.”

“பயமா? நாடியாருக்கா?” என்று பக்தர்களே கொதித்தெழுந்தார்கள். “காட்டுங்கய்யா. காட்டி அவங்க வாயை அடைங்க.” ஒரு மோசடிக்காரனுக்கு எதிரியால் வரும் தொல்லை சிறிது, நம்புகிறவர்களால் வருவதுதான் பெரிது.

நகரமைப்பு அலுவலர் பக்கத்து அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டு, இரு பலகைகளையும் ஆயத்தம் செய்தார். பலகைகள் வெளியே வந்தன, அவர் வரவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்து நாடியார் நாடி பிடித்துவிடக் கூடாது என்று தையற்காரி சொல்லியிருந்தாள்.

முதற்பலகை. கறுப்புத் துணியின்மேல் குண்டு தொங்கிற்று. நாடியாரின் கண்கள் துணியில் ஏதேனும் மேடு பள்ளம் தெரிகிறதா என்று மேய்ந்தன. துணி நன்றாக இஸ்திரி போடப்பட்டிருந்தது. வேறு வழியின்றிக் குண்டு ஆடத் தொடங்கிற்று. இடமிருந்து வலமாகக் கம்பீரமாக நகர்ந்தது. சக்கரம் பின்னாலேயே உருண்டது.

“இதுதான்,” என்றார் நாடியார். வியர்வையைத் துடைத்ததும் துணிவு வந்துவிட்டது. “இவ்வளவு வலுவான நாடியை நான் பார்த்ததே இல்லை. இது மேல எது இருந்தாலும் எடுத்துடணும். தயவு தாட்சண்யம் பார்க்கக் கூடாது.”

மேயர் நெகிழ்ந்துபோனார். நெகிழ்ந்த மேயர் என்ன செய்வார்? தீர்மானம் கொண்டுவருவார். “இந்தக் கோட்டின்மேல் உள்ள கட்டடங்கள் அனைத்தையும் அகற்றிச் சாலை அமைப்பதென இம்மன்றம் தீர்மானிக்கிறது,” என்றார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. துணியை விலக்கிப் பார்த்துவிட்டு வாக்களிக்கலாமே என்று ஓர் உறுப்பினருக்கும் தோன்றவில்லை. குறிப்பெழுத்தர் எழுதினார், படித்தார்.

இரண்டாம் பலகை. குண்டு இம்முறை மூலைக்கு மூலை போயிற்று. தையற்காரி சக்கரத்தை வைத்துவிட்டு, இரண்டு துணிகளையும் கார்பன் தாள்களையும் மடித்துப் பைக்குள் வைத்தாள். அலுவலரை அழைத்தார்கள். அவர் இரு வரைபடங்களையும் வடக்கு மேலே வருமாறு திருப்பிச் சுவரில் சாய்த்தார்.

ஒன்றில் கோடு மேற்கிலிருந்து கிழக்கே ஓடிற்று. மற்றொன்றில் வடக்கிலிருந்து தெற்கே சரிந்தது. குறுந்தெருவை இரண்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“முதல் கோடு எதெது வழியாப் போகுதுன்னு படிங்க,” என்றாள் தையற்காரி.

அலுவலர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். மூன்று மாதம் வெயிலில் நின்ற மனிதரின் குரலில் ஒரு குளிர்ச்சி இருந்தது. “இந்த மன்றக் கட்டடம். குறிப்பாக, மேயரின் அறை. அடுத்து, மேயரின் புது வீடு. மாடியோடு. பிறகு, மனைத்தரகரின் மூன்றடுக்குக் கடைக்கட்டடம்.”

“ரெண்டாவது?”

“குடிநீர்த் தேக்கம். சாலை அதற்குள் இறங்குகிறது. ஏறுவதாகத் தெரியவில்லை.”

மனைத்தரகரின் கால் மற்றக் காலிலிருந்து இறங்கிற்று. அவர் எழுந்தார். “யோவ், நான் காட்டின கோடு இது இல்லையே. என் கடைக்குள்ளயா விடச் சொன்னேன்?”

“துணியைப் போட்டா உங்க நிலம் எங்க இருக்குன்னு எனக்கு எப்படிய்யா தெரியும்?” என்றார் நாடியார், தம்மை மறந்து.

குறிப்பெழுத்தர் இரண்டு வாக்கியங்களையும் எழுதி, கடமை தவறாமல் உரக்கப் படித்துக் காட்டினார். படித்த பின் மாற்ற முடியாது.

“துணி அதிர்வைத் தடுத்துடுச்சு,” என்று நாடியார் கடைசியாக ஒருமுறை முயன்றார்.

“நூறடி மண்ணு தடுக்கல, காங்கிரீட்டு தடுக்கல. மீட்டர் கணக்குல நான் வாங்குற உள்துணி தடுத்துடுச்சா? இவ்வளவு நல்ல துணின்னு கடைக்காரருக்கே தெரியாதே,” என்றாள் தையற்காரி.

முதலில் சிரித்தவர் ஓட்டுநர். அப்புறம் கொத்தனார். அப்புறம் கூரையே சிரித்தது. மேயர் மட்டும் சிரிக்கவில்லை. தம் வீட்டை இடிக்கத் தாமே கொண்டுவந்து ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானத்தைத் திரும்பப் பெறும் விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பரபரப்பாகத் தேடிக்கொண்டிருந்தார். மன்ற விதிப்புத்தகத்தை அவர் திறந்து பார்த்தது அதுவே முதன்முறை என்பது என் துணிபு. அத்தீர்மானம் கைவிடப்பட்டது. குறுந்தெரு மஞ்சளாகவே நிலைத்தது. கால்வாய்க் கரைச் சாலை அன்றே ஒப்புதல் பெற்றது. நாடியார் பின்வாசல் வழியாகப் போனார். அந்த வழியை அவர் குண்டு இல்லாமலேயே கண்டுபிடித்தார்.

வெளியே படிக்கட்டில் ஓட்டுநர் மனைவியின் பையை வாங்கிக்கொண்டார். “வீட்டை இடிச்சுக் கொடுக்கிறேன்னு சொன்னியே, ஒருவேளை ரெண்டு கோடும் ஒண்ணா விழுந்திருந்தா?”

“விழுந்திருந்தா நாடி உண்மைன்னு ஒத்துக்கிட்டுக் கிளம்பியிருப்பேன். பார்க்காம ஒத்துக்கிறதுதான் எனக்கு வராது.”

அவர்களுக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்த இருவரில் ஒருவர் மற்றவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “இந்த ஆளு போலி. நான் அப்பவே நினைச்சேன். ஆனா பக்கத்து ஊர்ல ஒருத்தர் இருக்காராம். அவரு அசல்.”

அசலைத் தேடிப் புறப்படும் பெருமக்களே, ஒரு வேண்டுகோள். சட்டையின் கை ஒரு விரற்கடை நீண்டுவிட்டால் ஏன், எப்படி என்று தையற்கடையில் நூறு கேள்வி கேட்கிறீர்கள். உங்கள் தெருவையே கத்தரிக்க வருகிறவனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். சிந்திப்பதற்கு நகரமன்றத்தின் அனுமதி வேண்டியதில்லை. குடியிருப்புப் பகுதியிலும் செய்யலாம்; வணிகப் பகுதியிலும் செய்யலாம். மன்றத்துக்குள்ளேயே செய்தாலும் சட்டம் தடுக்காது. இதுவரை எவரும் முயன்று பார்க்கவில்லை, அவ்வளவுதான்.