செட்டைச்சாமியின் இருட்டு வைத்தியம்

அந்த மாரிகாலம் முழுக்கப் பாலையூற்றில் மட்டைப்பெட்டி ஊர்வலம்தான். குடைக்குக் கீழே பெண்கள், பெண்களின் கையில் பெட்டி, பெட்டிக்குள் கீச்சுக்கீச்சென்று கத்தும் கோழிக்குஞ்சுகள். எல்லாப் பெட்டிகளும் போய்ச் சேர்ந்த இடம், சீக்குக் குஞ்சுகளுக்கு மந்திரிக்கும் செட்டைச்சாமி வீடு. முஸ்லிம் ஊரான கிண்ணியாவிலிருந்துகூடப் பாலம் கடந்து வந்தார்கள். ஏமாறுவதில் மட்டும் நம்மிடையே எந்த இனபேதமும் இல்லை.

வாழ்வாதார உதவி என்று ஒரு நிறுவனம் ஆளுக்கொரு பெட்டிக் குஞ்சு கொடுத்திருந்தது. உமியைப் பரப்புங்கள், மேலே மஞ்சள் பல்பைத் தொங்கவிடுங்கள், சூடு குறையாமல் பாருங்கள் என்று வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் செட்டைச்சாமி வேறு கதை சொன்னார்.

"இரவில பல்ப் எரிஞ்சால் றோட்டால போறவன் வாறவன்ர கண்ணெல்லாம் குஞ்சிலதான் விழும். கண்ணூறு பொல்லாதது. பல்பை நிப்பாட்டிப்போட்டு, கறுத்தத் துணியால மூடிவிடுங்கோ."

ஆடிப் பழகிய தலைகள் இதற்கும் ஆடின. மின்சாரச் செலவும் மிச்சம், கண்ணூறும் போகும் என்றால் யார்தான் யோசிப்பார்கள்?

சுலோஜனாவும் துணி போட்டாள். அவள் கோழி வளர்ப்பது இதுதான் முதல் தடவை. துணிக்கடை வேலை பறிபோய் அண்ணன் வீட்டில் ஒண்டியிருப்பவள். அங்கே அண்ணி போடும் சோற்றோடு ஒரு பேச்சும் சேர்ந்து வரும். இந்தக் குஞ்சுகள் தப்பி முட்டையிட்டால் தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்திருந்தாள். இரவெல்லாம் குஞ்சுகள் கத்தின. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கின. விடியப் பார்த்தால், அடியில் அகப்பட்டவை நசிந்து செத்துக் கிடந்தன. அவள் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்து அழுதாள். பிறகு மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு சாமியிடம் ஓடினாள்.

சாமி பெட்டியை வாங்கிச் சிவப்புத் திரைக்குப் பின்னால் வைத்துவிட்டு, இந்தப் பக்கம் உட்கார்ந்து மந்திரம் சொல்வார். திரை ஓரத்தில் மஞ்சள் வெளிச்சம் தெரியும். அது அம்மனின் ஜோதியாம். கொஞ்ச நேரத்தில் கத்தல் அடங்கும். வெளியே வரும் குஞ்சுகள் ஓடித்திரிந்து தீன் கொத்தும். கூட்டம் கும்பிடும். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் அம்மனுக்கென்று குஞ்சுக் காணிக்கை உண்டு. அதைச் சாமி தன் கையாலேயே எடுப்பார். நொண்டியையும் தூங்குமூஞ்சியையும் அம்மன் ஏற்பதில்லையாம்! குணமான குஞ்சுகள் வீட்டுக்குப் போகும், துணி மூடும், மறுபடி சாகும். மறுபடி வரிசை.

சனிக்கிழமை சுலோஜனாவோடு தங்கை சோபனாவும் வந்தாள். டவுன் பக்கம், ஓர்ஸ் ஹில்லில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்பவள். கேட்க நினைத்ததைக் கேட்டுவிடும் வாய்.

"போன கிழமையும் நீங்கள்தானே சாமி மந்திரிச்சனீங்கள்? பிறகேன் செத்தது?"

"வீட்டில ஆரோ வெளிச்சம் காட்டியிருக்கினம்."

"இல்லைச் சாமி, நெருப்புப்பெட்டிகூட உரசேல்லை," என்றாள் சுலோஜனா, களவெடுத்தவளைப் போலத் தலையைக் குனிந்தபடி.

"குணப்படுத்திறது மந்திரம்தானே?" என்று விடாமல் கேட்டாள் சோபனா.

"ஓம், வேறென்ன?"

"அப்ப பெட்டி இங்க எங்கட கண்ணுக்கு முன்னால இருக்கட்டும். சொல்லுங்கோ."

கூட்டமும் பார்க்க ஆசைப்பட்டது. சாமிக்கு வேறு வழியில்லை. சொன்னார், உரத்துச் சொன்னார், தொண்டை கட்டும்வரை சொன்னார். மழைக் குளிரில் குஞ்சுகள் அவரைவிட உரத்துக் கத்தின.

"இத்தினை பேர் பாத்தால் கண்ணூறு ஏறும். உள்ளுக்க வைக்காட்டி ஏலாது."

"சரி, உள்ளுக்க வையுங்கோ. ஆனால் மந்திரம் வேண்டாம். வாயை மூடிக்கொண்டு எங்களோட இருங்கோ."

சாமி கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் சாமியைப் பார்த்தது. பெட்டி உள்ளே போனது. அவர் வந்து வாய்பொத்தி உட்கார்ந்தார். கூரைத் தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் குஞ்சுகளின் கத்தல் அடங்கி, நின்றேவிட்டது.

"சாமி மனசுக்குள்ள சொல்லியிருப்பார்," என்றாள் முன்வரிசைக் கமலேஸ்வரி.

சோபனா எழுந்துபோய்த் திரையை இழுத்தாள். பெட்டிக்கு மேலே ஒரு மஞ்சள் பல்ப் தொங்கியது. அதற்கப்பால், தகரம் வளைத்த பெரிய கூடு. அதன்மேல் வரிசையாகப் பல்புகள். கீழே, அம்மன் ஏற்றுக்கொண்ட காணிக்கையெல்லாம் ஒன்றுகூடச் சாகாமல் கொழுத்துத் திரிந்தது.

"ஊரெல்லாம் பல்பை நிப்பாட்டச் சொல்லிப்போட்டு, உங்களுக்கு மட்டும் இவ்வளவு வெளிச்சமோ?"

"நான் முந்திக் கோழிப்பண்ணையில வேலை செய்தனான்," என்று முணுமுணுத்தார் சாமி. "சூடு இல்லாட்டிக் குஞ்சு தப்பாது."

தெரியாமல் கொன்றிருந்தால் மன்னிக்கலாம். தெரிந்தே கொன்ற மனுசன் இவர்.

சுலோஜனா கூட்டுக்குள் கைவிட்டு, தன்னிடம் வாங்கிய கணக்குக்குக் குஞ்சுகளை எண்ணி எடுத்துப் பெட்டியில் போட்டாள். பிறகு எட்டி, எரிந்துகொண்டிருந்த பல்பையும் சேலைத் தலைப்பால் பிடித்துக் கழற்றினாள்.

"என்ர செத்த குஞ்சுகளுக்கு இது," என்றாள்.

அதற்குப் பிறகு ஆளுக்காள் கூட்டுக்குள் இறங்கினார்கள். கமலேஸ்வரியும் ஒரு பல்பைக் கழற்றிக்கொண்டு வந்தாள். வந்தவள் வாசலில் பதுங்கப் பார்த்த சாமியை மறித்தாள்.

"போக முன்னம் இதுக்கு ஒருக்கால் திருநீறு பூசித் தாங்கோவன் சாமி."

முந்தாநாள் முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்குச் சூடு எந்தப் பக்கம் என்று தெரிகிறது. யாரையும் கேட்காமல் அந்தப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. ஐயா, அம்மா, குஞ்சின் தலை ஒரு புளியங்கொட்டை அளவுதான். நமக்கு இவ்வளவு பெரிய தலை, திருநீறு பூச மட்டும்தானா?