தோற்காததற்கு ஒரு புரியாணி

வென்றதற்கு விருந்து வைத்தவர்களைக் கல்முனை நிறையக் கண்டிருக்கிறது. தோற்காததற்குப் புரியாணி போட்ட ஒரே மனிதர் எங்கள் ஓரக் காக்காதான். காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்.

முச்சக்கரவண்டிகளுக்குச் சீட் தைப்பது அவருடைய தொழில். பஸ்ஸில் ஓரத்து இருக்கை கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். கலியாண வீட்டில் பலர் சேர்ந்து உண்ணும் வட்டமான சஹன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தும் ஓரம் தேடுவார். செஸ் ஆட்டத்திலும் அப்படித்தான். உலகமே நடுச் சிப்பாயைத் தள்ளித் தொடங்க, இவர் மட்டும் ஓரத்தில் நிற்கும் சிப்பாயைத் தள்ளுவார்.

"காக்கா, இப்பிடித் தொடங்கினா தோப்பீங்க எண்டு புத்தகத்தில இரிக்கி," என்பேன்.

"புத்தகம் எழுதினவன் கடக்கரையில இரிக்கல்ல மனெ. நாம கரையில இரிக்கிற ஆக்கள். கரையாலதான் இறங்கணும்."

இறங்கி இறங்கித் தோற்றார். தோற்கடித்தவர் மாத்தறையில் இருக்கும் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர். ஒலுவில் துறைமுகம் பார்க்க வந்த பயணத்தில் வேன் சீட் கிழிந்து, காக்காவின் கடையில் காத்திருந்தபோது பழக்கமானவர். அவர் ஊர் திரும்பியபின் ஆட்டம் போனில் தொடர்ந்தது. ஒருவர் மொழி மற்றவருக்கு வராது. நாளுக்கு ஒரு நகர்வு. கட்டத்தின் பெயர் மட்டும் போய்வரும். பதில் வரும்வரை காக்காவுக்குக் கை ஓடாது. ஒருமுறை சீட் ஒன்றை உட்புறம் வெளியே வரத் தைத்துவிட்டார்.

"இதில ஆர் காக்கா இரிக்கிற?" என்றார் வண்டிக்காரர்.

காக்கா நிமிரவேயில்லை. "ராணிய எடுப்பானா, மாட்டானா?"

கடைசி ஆட்டத்திலும் தோல்வி உறுதி என்றே நினைத்தோம். காக்கா ராணியை இறக்கி 'செக்' சொன்னார். அடுத்த நாளும் செக். அதற்கடுத்த நாளும் செக். ஆசிரியரின் ராஜா இரண்டு கட்டங்களுக்கிடையில் ஓடி ஓடிக் களைத்தது. மாத்தறையிலிருந்து ஒரே ஒரு சொல் வந்தது: ட்ரோ.

கடைக்கு முன்னால் புரியாணிச் சட்டி ஏறியது. பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்தார்.

"வெண்டுட்டீங்களா காக்கா?"

"இல்ல."

"அப்ப தோத்துட்டீங்களா?"

"அதுவும் இல்ல!"

"அப்ப என்னத்துக்குப் புரியாணி?"

"அதுக்குத்தான்!"

வீட்டுக்கு வந்து அந்தக் கடைசி நிலையைப் போனிலுள்ள செஸ் செயலியில் போட்டுப் பார்த்தேன். செக் சொல்வதை நிறுத்தி வேறொரு காயை நகர்த்தியிருந்தால் காக்கா வென்றிருப்பார். மறுநாள் போய்ச் சொன்னேன்.

"காக்கா, நீங்க வெண்டிருக்கலாம்."

தையல் மெஷின் நின்றது. நான் நீட்டிய போனை என் கையோடு சேர்த்துக் கவிழ்த்தார்.

"எந்தக் காயெண்டு செல்லிராத. நானே பாக்கன்."

அந்த நிலையைப் பலகையில் அடுக்கி மேசையில் வைத்தார். இன்னும் அது அப்படியே இருக்கிறது. சாயங்காலங்களில் நானும் போய் எதிரே உட்காருகிறேன். அவர் ஒவ்வொரு காயாகத் தொட்டு யோசிக்கும்போது, விடை எனக்கும் தெரியாதது போலவே இருக்கிறது. அவர் அதைக் கண்டுபிடிக்கும் நேரம் நான் பக்கத்தில் இருக்க வேண்டும்.