வீட்டுக்கார அம்மாவின் ஒரே பையன்

இன்னும் கொஞ்ச நேரத்தில் வீட்டுக்கார அம்மா போனில் பேசியாக வேண்டும். அதில் ஒரே ஒரு சிக்கல்தான். அப்படி ஓர் அம்மாவே கிடையாது.

"வேற வழியில்லடி. நீதான் பேசணும்," என்று ரேடியோவின் கையைப் பிடித்துக்கொண்டாள் வாலு.

வாலு என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். கட்டடக்கலை படிக்க இவ்வளவு தூரம் வந்த பிறகும் அது அவளை விடவில்லை. ரேடியோ அவளுடைய அறைத்தோழி. அணைக்க முடியாது என்பதால் அந்தப் பெயர். கல்லூரி நாடகத்தில் கிழவி வேஷம் என்றால் வேறு யாரையும் தேடவே மாட்டார்கள்.

விடுதியை விட்டு இந்த மாடி அறைக்கு வந்தபோதே அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். "கீழ் வீட்ல பொறுப்பான பெரியவங்க இருக்கணும். இல்லன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்து சேரு. நம்ம தெருமுனை காலேஜ்ல ஏதாவது ஒண்ணு படி."

தெருமுனைக் கல்லூரியில் கட்டடக்கலை கிடையாது. மாடிக்குக் கீழே குடும்பமும் கிடையாது, ஒரு தையல் கடைதான். வீட்டின் சொந்தக்காரர் எங்கேயோ வெளியூரில் இருந்தார். ஆகவே, வீடு கட்டப் படிக்க வந்தவள் முதலில் ஒரு வீட்டுக்கார அம்மாவைக் கட்டினாள். அஸ்திவாரம் இல்லாத கட்டடம் அல்லவா, அடிக்கடி முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கார அம்மா பொழுது சாய்ந்ததும் கேட்டைப் பூட்டுவாள். சத்தமாகச் சிரித்தால் மாடிப்படி ஏறி வந்து முறைப்பாள். வாலு சொல்லச் சொல்ல, அப்பாவுக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதுதான் வினை.

"உங்கம்மா ஒரு தடவை அவங்ககிட்ட பேசட்டும். பேசிட்டு திருப்தின்னு சொல்லட்டும். அப்புறம் நான் எதுவும் கேக்க மாட்டேன்," என்றுவிட்டார்.

"உங்கம்மா எப்படி? குறுக்கு விசாரணை எல்லாம் பண்ணுவாங்களா?" என்று ரேடியோ தொண்டையைக் கனைத்துச் சரிசெய்துகொண்டாள்.

"சேச்சே. புது ஆளுன்னா எங்கம்மாவுக்கு நாக்கே எழும்பாது. ரெண்டு வார்த்தை பேசிட்டு வச்சிடுவாங்க. ஸ்பீக்கர்ல மட்டும் போடாதே, எதிரொலிச்சு மாட்டிக்குவோம்."

போன் அடித்தது. ரேடியோ முதுகை வளைத்து, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "யாரு பேசறது?" என்றாள். வாலுவுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

ரெண்டு வார்த்தை பேசிவிட்டு யாரும் வைக்கவில்லை. பேச்சு நீண்டது. ரேடியோ கட்டிலில் உட்கார்ந்து பேசினாள், எழுந்து நடந்து பேசினாள், ஜன்னலில் சாய்ந்தும் பேசினாள். "என் பொண்ணு மாதிரி பாத்துக்கறேன்... ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க... எனக்கா? ஒரே பையன்."

வாலு தலையில் அடித்துக்கொண்டாள்.

போனை வைத்ததும் ரேடியோ காதைத் தேய்த்தாள். "நாக்கு எழும்பாதுன்னு சொன்னே? என் காது வெந்து போச்சு!"

"எல்லாம் பொண்ணு மேல இருக்கற பாசம். அதை விடு. பையன் இருக்கான்னு ஏண்டி சொன்னே? வயசுப் பையன் இருக்கற வீடுன்னா எங்கப்பா நாளைக்கே வந்து கூட்டிக்கிட்டுப் போயிடுவாரு!"

"எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டாங்க. ஒண்ணுகூட இல்லன்னு சொல்ல மனசு வரல. பாவம், அந்த அம்மா."

"எந்த அம்மா? அப்படி ஒரு அம்மாவே இல்லடி!"

அடுத்த அழைப்பில் ரேடியோ பையனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டாள். சும்மா அனுப்பினால் நம்ப மாட்டார்களே என்று கையோடு பெரிய வேலையும் வாங்கிக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் மறுமுனையில் குரல் வெல்லமாக இனிக்க ஆரம்பித்தது. போன் தினமும் வந்தது. கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டபோது, வேஷத்தில் மூழ்கிப்போயிருந்த ரேடியோ ஒரு பெருமூச்சு விட்டு, "நல்ல பொண்ணா பாத்துக்கிட்டிருக்கோம். எங்க அமையுது?" என்று சொல்லியே விட்டாள்.

"எனக்குத் தெரிஞ்ச இடத்துல தங்கமான பொண்ணு ஒண்ணு இருக்குன்னு சொல்றாங்கடி," என்று ரேடியோ தகவல் சொன்னாள்.

"தெரிஞ்ச இடமா? யாரு?"

"யாரா? நீதான்! தன் வாயால என் பொண்ணைக் கட்டிக்கோங்கன்னு எந்த அம்மாவாவது நேரா சொல்லுவாங்களா? சுத்தி வளைச்சுத்தான் வருவாங்க."

வாலு உடனே அம்மாவுக்குப் போன் போட்டாள். "ஏம்மா, வீட்டுக்கார அம்மாகிட்ட தினமும் என்னதான் பேசறே?"

மறுமுனையில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. "நானா? என்னத்தப் பேசப் போறேன்... பொதுவா... நீ சாப்பிட்டியா கண்ணு? அப்பா கேட்டா நான் நல்லாப் பேசினேன்னு சொல்லு, என்ன?" என்று வைத்துவிட்டாள்.

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இருந்தது அந்தக் குரல். வாலுவுக்கு இனிமேல் சந்தேகமே இல்லை. மேஜையில் அவள் பருவத் தேர்வுக்காகச் செய்துகொண்டிருந்த நூலகத்தின் மாதிரி வடிவம் முடியாமல் நின்றது. அட்டையில் சுவர் எழுப்பி, இரண்டு பக்கமும் வெளிச்சம் வருகிற மாதிரி அவளே யோசித்து வைத்த ஜன்னல்கள். கூரையை ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்தப் படிப்பு அவளுக்கு உயிர். இல்லாத ஒருவனைக் கட்டிக்கொள்வதற்காக அதை விட்டுவிட்டுப் போக அவள் தயாராக இல்லை.

"மாப்பிள்ளையைக் கெட்டவனாக்கு," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

ரேடியோ மனசில்லாமல்தான் ஆரம்பித்தாள். பெற்ற பாசம் தடுத்தது போலும். "அவனுக்குக் கொஞ்சம் முன்கோபம் வரும்," என்றாள். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று பதில் வந்தது. குறட்டை விடுவான் என்றாள். அசந்து தூங்குகிறவன் நேர்மையான உழைப்பாளி என்று பதில் வந்தது. கடைசி அஸ்திரமாக, முடியெல்லாம் கொட்டிவிட்டது என்றாள்.

"என்ன சொன்னாங்க?" என்று வாலு பறந்தாள்.

"அவங்க வீட்டுக்காரருக்கும் நடு மண்டையில ஒண்ணும் கிடையாதாம். அதனால என்ன, முடியா குடும்பம் நடத்தப் போகுதுன்னு கேக்கறாங்க."

"எங்கப்பாவுக்கா? அவர் தலையில சீப்பு வச்சா சீப்புதான் உடையும்!"

"பாத்தியா? உன்னைத் தள்ளிவிடணும்னு உங்கம்மா உங்கப்பாவையே மொட்டையாக்கிட்டாங்க. முடிவோட இருக்காங்கடி."

முடிவோடுதான் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்து பேசி முடித்துவிடலாம் என்று அடுத்த போனில் சேதி வந்தது.

குரலுக்கு ரேடியோ இருந்தாள். உடம்புக்கு எங்கே போவது? இருவரும் கீழே இறங்கி, தையல்காரம்மாவின் முன்னால் போய் நின்றார்கள். அவர் தையல் இயந்திரத்தை மிதிப்பதை நிறுத்தாமலே எல்லாவற்றையும் கேட்டார்.

"பொய் சொல்ல எனக்கு வராதும்மா," என்றார்.

"தினமும் எத்தனை பேர்கிட்ட 'நாளைக்கு வாங்க, துணி ரெடியா இருக்கும்'னு சொல்றீங்க?" என்றாள் ரேடியோ.

தையல்காரம்மா யோசித்தார். "சரி, என்ன சொல்லணும்?"

"உங்க பையன் அங்கேயே ஒரு பொண்ணை விரும்பிக் கட்டிக்கிட்டான்னு சொல்லிடுங்க. அதோட எல்லாம் முடிஞ்சிடும்."

ஞாயிற்றுக்கிழமை தையல் இயந்திரத்தின் மேல் போர்வை விரித்து, பூச்சாடி வைத்து, கடையை வரவேற்பறையாக்கினார்கள். அம்மா தனியாக வரவில்லை. துணைக்கு எதிர் வீட்டு அத்தையும் வந்திருந்தாள். அத்தை என்றால் சொந்தம் ஒன்றும் இல்லை. காபித்தூள் கடன் வாங்க வந்து, ஊர்க்கதை பேசி, சாப்பிட்டுவிட்டுப் போகிற பழக்கத்தில் அத்தையானவள். நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து அவளே பேசிக்கொண்டிருந்தாள். அம்மா வாயைத் திறக்கவே இல்லை. ரொம்பக் கோபமோ என்று வாலு ரேடியோவோடு கதவோரமாகவே நின்றாள்.

"போன்ல கேட்ட குரல் வேற மாதிரி இருந்துச்சே?" என்று அத்தை கேட்டாள்.

"சளி," என்றார் தையல்காரம்மா. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கழற்ற மறந்துபோயிருந்தார்.

அப்போது பார்த்து ஒரு பெண் வாசலில் தலையை நீட்டினாள். "அக்கா, என் துணி?"

"நாளைக்கு வா!" என்று தன்னையறியாமல் சொன்ன தையல்காரம்மா, உடனே சமாளித்துக்கொண்டு, "என் தங்கச்சி மக. வெகுளி," என்றார்.

அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அப்ப நம்ம விஷயத்துக்கு வருவோம். பையனைப் பத்தி..."

"பையனா? அதை ஏன் கேக்கறீங்க..." என்று தையல்காரம்மா குரலைத் தாழ்த்தினார். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்த நேரம் அத்தை பையைத் திறந்து ஒரு துணியை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "முதல் தடவை வரோம், வெறுங்கையோட வரலாமா?"

தையல்காரம்மா துணியை விரலால் தடவினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரத்தை மடித்து, நெசவைப் பார்த்தார். முகமே மாறிவிட்டது.

"இந்த மாதிரி துணி இப்பல்லாம் எங்கங்க கிடைக்குது? இவ்வளவு நல்ல மனசுக்காரங்களுக்கு எப்படி இல்லன்னு சொல்றது? கல்யாணத்தை முடிச்சிடலாம்!"

"முடிச்சிடலாம்!" என்று அத்தை எழுந்தே விட்டாள்.

"முடியாது!" என்று வாலு கத்தினாள்.

எல்லோரும் திரும்பினார்கள். அதற்குப் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. "இவங்க வீட்டுக்கார அம்மாவே இல்ல, துணி தைக்கறவங்க. போன்ல பேசினது இவ. பையனும் கிடையாது, வெளிநாடும் கிடையாது, வழுக்கையும் கிடையாது! எல்லாம் நான் சொன்ன பொய்ம்மா. எனக்கு இங்கதான் படிக்கணும். வேணும்னா என்னை அடி. ஆனா கூட்டிக்கிட்டுப் போயிடாதே."

ரேடியோ, பழக்கதோஷத்தில், வளைந்த முதுகோடே தலைகுனிந்து நின்றாள். வாலு அடிக்காகக் காத்திருந்தாள். அடி விழவில்லை. அம்மா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், கடைசியில் பரிதாபமாக அத்தையைப் பார்த்தாள்.

அத்தை தொப்பென்று நாற்காலியில் விழுந்தாள்.

"அப்போ உங்கம்மாவுக்குப் பேச பயம்னு நான் உங்கம்மா மாதிரியே குரல் மாத்திப் பேசி, என் பொண்ணுக்கு முடிச்சு வச்ச மாப்பிள்ளை எங்கடி?"