அலையாத்திக்குப் பல் விளக்கியவர்

அடையாறில் பைத்தியங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் மரத்துக்குப் பல் விளக்கிவிட்டவர் எங்கள் ‘பல் டாக்டர்’ ஒருவர்தான்.

கிளினிக்கை மூடிய பிறகு அவர் கை சும்மா இருக்கவில்லை. எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், கழிமுகச் சேற்றில் கொஞ்சம் அலையாத்தி மரங்கள் உண்டு. மூச்சுவிடுவதற்காக அவற்றின் வேர்கள் சேற்றுக்கு மேலே பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் வற்றியதும் டாக்டர் வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கி, பழைய டூத்பிரஷ்ஷால் வேரில் படிந்த எண்ணெய் அழுக்கைத் தேய்ப்பார். பிறகு ஓர் இலையை நக்கிப் பார்ப்பார்.

“உப்பு தூக்கலா இருக்கு. பாவம், உறிஞ்சின உப்பையெல்லாம் இலை வழியா துப்பிண்டிருக்கு,” என்பார், ரசத்துக்குக் குறை சொல்கிற குரலில். மஞ்சள் இலை அதிகம் உதிர்ந்தால் அன்று அவருக்குக் காபி இறங்காது.

இந்த லட்சணத்தில் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு நடைபாதை ஆசை வந்தது. சேற்றில் நீட்டிக்கொண்டிருப்பவை பட்டுப்போன குச்சிகள் என்று அவரே முடிவுகட்டி, மேலே செம்மண் கொட்ட ஏற்பாடு செய்துவிட்டார். சங்கக் கூட்டத்தில் டாக்டர் எழுந்து போய் அவர் மூக்கை இறுகப் பிடித்தார். செயலாளர் வாயைத் திறந்தார்.

“தொறந்துட்டேளோன்னோ? அதுகளுக்குத் தொறக்க வாய் கிடையாது. மண்ணைப் போட்டா மூச்சு முட்டிச் செத்துடும்.”

மூக்கு சிவந்ததுதான் மிச்சம். மறுநாளே லாரி வந்து ஒரு லோடு கொட்டிவிட்டது. அடுத்த லோடு வருவதற்குள் டாக்டர் சேற்றில் போய் உட்கார்ந்துவிட்டார்.

“இன்னா பெர்சு, சேத்துல குந்திகினு கீற? எந்திரி, லோடு எறக்கணும்,” என்றார் டிரைவர்.

“என் மேலயே எறக்கு.”

டிரைவர் செயலாளரிடம் திரும்பினார். “சார், மண்ணு கொட்டத்தான் வந்தேன். ஆளப் பொதைக்கிற வேல நமக்கு வாணாம்.” வண்டியைத் திருப்பிக்கொண்டு போயே போய்விட்டார்.

ஆனால் முதல் லோடு கரையோர மரம் ஒன்றின் வேர்களை மூடியிருந்தது. மண்வெட்டி பட்டால் வேர் அறுந்துவிடும் என்று டாக்டர் வெறுங்கையால் அள்ளினார். அவருக்கே மூச்சு வாங்கியது. “நீங்க மயங்கி விழுந்தா அதுக்கும் சங்கந்தான் பதில் சொல்லணும், டாக்டர்,” என்று திட்டிக்கொண்டே செயலாளரும் இறங்கி அள்ளினார்.

அப்படியும் அந்த மரம் இலையெல்லாம் கொட்டி மொட்டையாகிவிட்டது. டாக்டர் தினமும் அதன் அடியில் நின்றுவிட்டு வருவார்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் என் கதவைத் தட்டினார். முழங்கால் வரை சேறு. “வாயேன், வந்து பாரேன்.”

மொட்டைக் கிளையில் துளிர் விட்டிருந்தது. கீழே, புதிதாகச் சில வேர்கள் விரல்நுனி அளவுக்குச் சேற்றைக் கீறித் தலைகாட்டியிருந்தன.

“யார்கிட்டயும் சொல்லாதே. கூட்டமா வந்து மிதிச்சுடுவா,” என்று என் காதில் சொன்னார்.

கரையில் குடியிருப்பே கூடியிருந்தது. எல்லோரையும் அவரேதான் கதவைத் தட்டிக் கூட்டி வந்திருந்தார். ஒவ்வொருவர் காதிலும் அதையே ரகசியமாகச் சொன்னார்; செயலாளர் உட்பட நாங்கள் அத்தனை பேரும், யாரிடமும் சொல்வதில்லை என்று தனித்தனியே சத்தியம் செய்துகொடுத்தோம்.